செக்வே: நகைப்பும் மறதியும்

தோற்றுப்போன கண்டுபிடிப்புகளின் பட்டியலை யார் எழுதினாலும் அதில் செக்வேக்கு ஓர் இடம் உறுதி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்கள், நடுவே நிற்பதற்கு ஒரு சிறு மேடை, பிடித்துக்கொள்ள ஒரு தண்டு. அதன்மேல் விறைப்பாக நின்றபடி நகரும் ஒரு மனிதர். இந்தச் சித்திரம் மனத்தில் எழுந்தவுடனேயே நமக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நகைச்சுவை பிறக்கும் களங்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர் எள்ளலையே முதலில் வைத்தார். செக்வேயின் வரலாறு இன்றளவும் அந்த முதற்களத்திலேயே எழுதப்பட்டு வருகிறது.

இவ்வூர்தியைப் பற்றி இரண்டு கதைகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று கேலிக்கதை: உலகத்தையே மாற்றும் என்று முரசறைந்து வந்தது, கடைசியில் வணிக வளாகக் காவலர்களின் வாகனமாக முடிந்தது. மற்றொன்று இரக்கக்கதை: அது காலத்தை முந்திப் பிறந்த கருவி, நகரங்கள் அதற்குத் தயாராகவில்லை. இவ்விரண்டையும் நாம் மறுக்கிறோம். இவை இரண்டும் சேர்ந்து மூன்றாவது கதை ஒன்றைப் பார்வையிலிருந்து விலக்கிவிட்டன என்பதே நம் வழக்கு. அந்த மூன்றாவது கதை ஒரு சக்கர நாற்காலியைப் பற்றியது. அது நகைப்புக்கு உரியதன்று, ஆகவேதான் மறக்கப்பட்டது.

முதலில் கருவியைப் பார்ப்போம். சிறுவயதில் உள்ளங்கையில் ஒரு கழியை நிறுத்தி விளையாடாதவர் குறைவு. கழி முன்னே சாய்ந்தால் கையும் முன்னே ஓட வேண்டும். பின்னே சாய்ந்தால் பின்னே. கழி விழாமல் நிற்பது அது அசையாததனால் அன்று, கை ஓயாமல் அசைந்துகொண்டே இருப்பதனால். செக்வேயின் தத்துவம் இவ்வளவே. நிற்கும் மனிதர் கழி, சக்கரங்கள் கை. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம் என்பதைக் கைரோஸ்கோப் உணரிகள் அளக்கின்றன. நுண்செயலிகள் நொடிக்கு நூறு முறை அதைச் சரிபார்த்து, மோட்டார்களுக்கு ஆணையிடுகின்றன. முன்னே சாய்ந்தால் வண்டி முன்னே செல்லும், நிமிர்ந்தால் நிற்கும். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் வரை. முதல் மாதிரியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. பொறியியலாக இது அழகிய ஆக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இதைக் கேலி செய்வோரில் பெரும்பாலோர் இந்த அழகை ஒருமுறையும் எண்ணிப் பார்த்தவர்கள் அல்லர்.

இதை ஆக்கியவர் டீன் கேமன். 1951இல் பிறந்த அமெரிக்கர். உடலில் அணிந்துகொண்டே மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் பம்பை 1970களில் உருவாக்கிப் பெயர் பெற்றவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் பழைய நெசவாலைக் கட்டடங்களில் அவருடைய ‘டெகா’ ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. 2001 ஜனவரியில் இவரைப் பற்றிய ஒரு நூலுக்கான முன்மொழிவு வெளியே கசிந்தது. கருவியின் பெயர் சொல்லப்படவில்லை. ‘அது’ என்றே குறிப்பிடப்பட்டது. ‘அது’ என்னவாக இருக்கும் என்று அமெரிக்கா முழுவதும் ஊகித்தது. ஸ்டீவ் ஜாப்ஸ், ஜெஃப் பெசோஸ், ஜான் டோர் ஆகியோர் அதைப் பார்த்து வியந்தனர் என்றும், இனி நகரங்களே அதையொட்டி அமைக்கப்படும் என்றும் பேச்சு பரவியது. 2001 டிசம்பர் 3 அன்று நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவில், தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் திரை விலகியது. குதிரை வண்டிக்குக் கார் எப்படியோ, காருக்கு இது அப்படி என்பது கேமனின் கணிப்பு. 2002 இறுதிக்குள் வாரத்துக்குப் பத்தாயிரம் வண்டிகள் வரை செய்ய வேண்டியிருக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 2003 செப்டம்பரில், மின்கலம் தீரும் நிலையில் ஓட்டுபவர் விழக்கூடும் என்று எல்லா வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டபோது, அதுவரை விற்றவை ஏறத்தாழ 6,000 மட்டுமே என்பது தெரியவந்தது. 2020 ஜூலையில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் செய்யப்பட்டவை மொத்தம் 1,40,000 அளவில்.

கேலிக்கதைக்கு இவ்வளவும் போதும். ஆனால் கேலிக்கு ஒரு மகுடம் தேவைப்பட்டது. அது 2010 செப்டம்பரில் கிடைத்தது. செக்வே நிறுவனத்தை அதற்குச் சில மாதங்கள் முன்பு வாங்கியிருந்த பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிமி ஹெசல்டன், யார்க்‌ஷயரில் செக்வேயில் செல்லும்போது உயரத்திலிருந்து ஆற்றில் விழுந்து இறந்தார். ‘செக்வேயைக் கண்டுபிடித்தவரே செக்வேயால் செத்தார்’ என்று செய்தி திரிந்து உலகம் சுற்றியது. அவர் கண்டுபிடித்தவர் அல்லர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, தொழில் நடத்திப் பொருளீட்டி, அதிலிருந்து அறப்பணிக்கு வாரிக் கொடுத்தவர். நாயோடு நடந்து வந்த ஒருவருக்கு வழிவிடுவதற்காகப் பின்னே நகர்ந்தபோது அவர் தவறியிருக்கக்கூடும் என்று மரண விசாரணையில் கூறப்பட்டது. நடந்து வருபவருக்கு வழிவிட முனைந்த ஒருவரின் சாவு நமக்கு நகைச்சுவைத் துணுக்காயிற்று. எள்ளல் சிந்திக்கத் தூண்டும் என்று நம்புவோர் இந்த ஓர் உதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி இரக்கக்கதைக்கு வருவோம். ‘காலத்தை முந்திய கருவி’ என்ற தொடர் கேட்க நன்றாயிருக்கிறது. தோல்வியின் பொறுப்பைக் கருவியிடமிருந்து எடுத்து, சமூகத்தின் தலையில் அது வைத்துவிடுகிறது. ஆனால் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காரை ஒழிக்க வந்த கருவி காரிடம் எதைக் கேட்டது? எதையும் கேட்கவில்லை. கார் ஓடும் சாலையில் ஒரு பங்கை அது கோரவில்லை. நடப்பவரின் நடைபாதையைக் கோரியது. வண்டி பொதுமக்களுக்கு விற்பனைக்கு வருமுன்பே நிறுவனம் மாநிலச் சட்டமன்றங்களை அணுகி, நடைபாதையில் ஓட்டுவதற்கு இசைவு தேடத் தொடங்கியது. மிகக் குறுகிய காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இசைந்தன. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவரின் பாதையில், ஆளையும் சேர்த்து நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்று இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரலாம் என்று அவை ஒப்புக்கொண்டன. மறுத்த நகரங்களில் முதன்மையானது சான் பிரான்சிஸ்கோ. 2002 இறுதியில் அது நடைபாதையில் செக்வேயைத் தடை செய்தது. அங்கே எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர்கள் முதியோருக்காகவும் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் பேசியவர்கள். பிரிட்டனிலோ 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே நடைபாதையை மூடப் போதுமானதாக இருந்தது.

வலியவரோடு மோதாமல் எளியவரின் இடத்தில் பங்கு கேட்பதற்குப் பெயர் புரட்சியன்று. 4,950 டாலர் விலையுள்ள ஒரு வண்டி, விலையே இல்லாத ஒரு செயலுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. அந்தச் செயல் நடத்தல். காலிருந்தும் நடப்பதை ஒரு குறையாகக் கற்பித்து, அக்குறைக்கு மருந்து விற்க முயன்றார்கள். மக்கள் வாங்கவில்லை. இதில் மக்களின் பிற்போக்கு எங்கே இருக்கிறது?

மொழி பயின்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. மாநிலச் சட்டங்கள் பலவற்றில் செக்வே என்ற வணிகப்பெயர் இல்லை. அவை இதற்கு இட்ட சட்டப்பெயரைத் தமிழில் சொல்வதானால், ‘மின்விசைத் தனிநபர் நகர்வு உதவிக் கருவி’ என்று வரும். இதில் ‘உதவிக் கருவி’ என்ற சொல்லைப் பாருங்கள். ஊன்றுகோலுக்கும் சக்கர நாற்காலிக்கும் செவிப்பொறிக்கும் உரிய சொல் அது. நடக்க இயலாதவரின் அகராதியிலிருந்து எடுத்த சொல்லை நடக்க இயன்றவரின் வாகனத்துக்குச் சூட்டி, நடைபாதைக்கு அனுமதிச் சீட்டு எழுதினார்கள். இது வெறும் சொல் விளையாட்டாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். ஆனால் அதே ஆண்டுகளில், அதே நாட்டில், உண்மையான உதவிக் கருவி ஒன்று அந்தப் பெயருக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டது.

அந்தக் கருவியின் பெயர் ஐ-பாட். ஆப்பிள் நிறுவனத்தின் இசைப்பெட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது சக்கர நாற்காலி. செக்வேக்கு மூத்தது. நாற்காலியிலிருந்த ஓர் இளைஞர் நடைபாதை விளிம்பில் ஏற முடியாமல் தவித்ததைக் கண்டதே தொடக்கம் என்று கேமன் பலமுறை சொல்லியிருக்கிறார். டெகா நிறுவனத்தார் இந்நாற்காலியை நடனக் கலைஞர் ஃபிரெட் அஸ்டேரின் நினைவாக ‘ஃபிரெட்’ என்று அழைத்தனர். பின்னர் அதன் சமநிலை நுட்பத்திலிருந்து பிறந்த ஊர்திக்கு, அவருடன் ஆடிய ஜிஞ்சர் ரோஜர்ஸின் பெயரால் ‘ஜிஞ்சர்’ என்று பெயரிட்டனர். அந்த ஜிஞ்சர்தான் செக்வே. தங்கையின் பெயர் உலகறிந்தது. அண்ணனின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இந்நாற்காலி செய்தவற்றைச் சொல்கிறோம். நான்கு சக்கரங்களைக் கொண்டு மணலிலும் கரடுமுரடான தரையிலும் செல்லும். நடைபாதை விளிம்பில் ஏறும். சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு மாடிப்படி ஏறும், இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சக்கரங்களின்மேல் எழுந்து நின்று, அமர்ந்திருப்பவரை நிற்பவரின் கண்மட்டத்துக்கு உயர்த்தும். அந்த உயரத்திலேயே நகரவும் செய்யும். செக்வேயால் படியேற முடியாது. படி வந்தால் மனிதர்தான் அதை இழுத்துச் செல்ல வேண்டும். படியேறும் வித்தை அண்ணனிடமே தங்கிவிட்டது.

2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஐ-பாட் நாற்காலிக்கு ஒப்புதல் அளித்தது. ஜான்சன் அண்டு ஜான்சனின் துணை நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 25,000 டாலர் விலையில் அதை விற்றது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசுக் காப்பீடான மெடிகேர் 2006 ஜூலையில் தன் முடிவை அறிவித்தது. நாற்காலியின் சாதாரண ஓட்டம் மருத்துவக் கருவி என்னும் வரையறைக்குள் அடங்கும். கரடுமுரடான தரையில் செல்லும் நிலை, எழுந்து நிற்கும் சமநிலை, படியேறும் நிலை ஆகியவை அடங்கா. அதாவது எல்லா நாற்காலிகளும் செய்வதற்குப் பணம் உண்டு. இந்நாற்காலி மட்டும் செய்வதற்கு இல்லை.

இம்முடிவின் பின்னணியில் ஒரு பழைய விதி இருக்கிறது. மெடிகேர் சட்டத்தின்படி இத்தகைய கருவி ‘வீட்டுக்குள்’ பயன்படுவதாக இருக்க வேண்டும். படுக்கையறையிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் செல்ல உதவுகிறதா என்பதே அளவுகோல். கடைத்தெருவுக்கும் நூலகத்துக்கும் நண்பர் வீட்டு மாடிக்கும் போவது மருத்துவத் தேவை ஆகாது. நடக்க இயலாதவர் வீட்டுக்குள் இருப்பவர் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் இந்த விதியை எழுத முடியும். ஒரு சமூகம் யாரை உள்ளே வைத்திருக்க விரும்புகிறது, யாரை வெளியே நடமாட விடுகிறது என்பதை அறிய அதன் இலக்கியத்தைப் படித்தால் மட்டும் போதாது. காப்பீட்டு விதிகளையும் படிக்க வேண்டியிருக்கிறது. 2009இல் ஐ-பாட் விற்பனை நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தியை வைத்து யாரும் துணுக்கு எழுதவில்லை.

நம் வாதத்துக்கு எதிராக மூன்று தடைகளை எழுப்பலாம். அவற்றை ஒளிக்காமல் எடுத்துக்கொள்வோம்.

முதல் தடை விலை. 25,000 டாலர் நாற்காலியைப் பொதுப்பணத்தில் எப்படி வாங்கிக் கொடுப்பது? நியாயமான கேள்வி. ஆனால் 2006இன் முடிவு ‘விலை அதிகம்’ என்று சொல்லவில்லை. ‘வரையறைக்குள் அடங்காது’ என்றது. விலை குறைந்திருந்தாலும் அந்த வரையறை அப்படியேதான் இருந்திருக்கும். மேலும், எண்ணிக்கை பெருகினால்தான் விலை இறங்கும். காப்பீடு இல்லாமல் எண்ணிக்கை எப்படிப் பெருகும்? விலையைக் காட்டி வாயிலை அடைத்துவிட்டு, வாயில் அடைபட்டதால் விலை இறங்காததைக் குற்றமாகச் சொல்வது சுற்றிச் சுற்றி வரும் வாதம்.

இரண்டாவது தடை இதைவிட வலியது. மாற்றுத்திறனாளர் உரிமைக்காகப் போராடுவோரிடமிருந்தே வருவது. படியேறும் நாற்காலி எதற்கு, படிக்கட்டையல்லவா மாற்ற வேண்டும்? சாய்தளமும் மின்தூக்கியும் அமைத்தால் எல்லா நாற்காலிகளும் போகுமே? இதில் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். சாய்தளத்துக்கு மாற்றாக ஒரு விலையுயர்ந்த பொறியை யாரேனும் முன்வைத்தால் அதை எதிர்ப்போரில் நாமும் இருப்போம். ஆயினும் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களைக் கட்டுப்படுத்துகிறதே தவிர, நண்பரின் தனிவீட்டை அன்று. கடற்கரை மணலுக்குச் சாய்தளம் இல்லை. உயரத்துக்கு எந்தச் சாய்தளமும் விடையன்று. நாள் முழுவதும் பிறருடைய இடுப்பைப் பார்த்துப் பேசுவதும், தலைக்கு மேலே தன்னைப் பற்றியே பிறர் பேசிக்கொள்வதைக் கேட்பதும் கட்டடக் கலையால் மட்டும் தீரும் துயரங்கள் அல்ல.

மூன்றாவது தடை: செக்வேயே சில மாற்றுத்திறனாளிகளுக்கு உதவியதே? உதவியது, அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்கிறோம். நிற்க முடிந்து, நெடுந்தூரம் நடக்க முடியாதவர்கள் பலர் அதைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். போரில் காயமுற்ற வீரர்களுக்குச் செக்வே வாங்கிக் கொடுப்பதற்கென்றே ஓர் அமைப்பு 2005இல் தோன்றியது. 2011 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க நீதித்துறையின் விதிகள், மாற்றுத்திறனாளி ஒருவர் செக்வேயில் வந்தால் தக்க காரணமின்றிப் பொது இடங்கள் மறுக்கலாகாது என்று கூறின. இது நம் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. நடக்க முடிந்தவர்களுக்கென்று விற்கப்பட்டபோது பொருளற்றுப்போன கருவி, நடக்க இயலாதவர் கையில் சேர்ந்தவுடன் பொருள் பெற்றது. சட்டம் முதலில் பொய்யாகச் சூட்டிய ‘உதவிக் கருவி’ என்ற பெயர் அவர்களிடத்தில்தான் மெய்யாயிற்று.

இக்கட்டுரை கேமன்மீது தொடுக்கப்பட்ட வழக்கன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியை முதலில் செய்தவர் அவர். கைவிடப்பட்ட பின்னும் அதை மீட்க முயன்றவரும் அவர். 2014இல் படியேறும் நாற்காலிகள்மீதான ஒப்புதல் நடைமுறையை உணவு, மருந்து நிர்வாகம் சற்றே தளர்த்தியது. 2016இல் டொயோட்டாவுடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2019இல் புதிய ஐ-பாட் வந்தது. நாம் குறை சொல்வது ஒரு தனிமனிதரையன்று. ஒரே நுட்பம் இரண்டு உருவில் வந்து நின்றபோது, எதற்கு மேடை போட்டோம், எதற்குக் கதவடைத்தோம் என்ற தேர்வைத்தான். முதலீட்டாளர்களும் ஊடகங்களும் சட்டமன்றங்களும் அந்தத் தேர்வைச் செய்தனர். சிரித்த நாமும் அதில் பங்கு கொண்டோம்.

செக்வே அழிந்துவிட்டது என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. 2015இல் சீனாவின் நைன்பாட் அந்நிறுவனத்தை வாங்கியது. 2017இல் கலிஃபோர்னியாவின் சாந்தா மோனிகாவில் தொடங்கி, உலகின் பெருநகரங்களில் வாடகைக்கு விடப்பட்ட மின் ஸ்கூட்டர்களில் கணிசமானவை நைன்பாட்டின் தயாரிப்புகள். அவை தாமே சமநிலை காப்பவை அல்ல. ஆனால் சண்டை அதே சண்டை. நடைபாதையில் தாறுமாறாகக் கிடந்த ஸ்கூட்டர்கள் யாரைத் தடுக்கி விழச் செய்தன? பார்வையற்றவரை, முதியவரை, சக்கர நாற்காலியில் வருபவரை. 2023 ஏப்ரலில் பாரிஸ் மக்கள் வாக்களித்து வாடகை ஸ்கூட்டர்களை வெளியேற்றினர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு சான் பிரான்சிஸ்கோவில் எழுந்த கேள்வியைக் கேலிக்கதையும் இரக்கக்கதையும் மூடி மறைக்காதிருந்தால், நகரங்கள் இதை மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்திராது.

ஆகவே, புதுக் கருவிகளைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். ‘இது வெல்லுமா, தோற்குமா’ என்பது வணிகரின் கேள்வி. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இது யாருடைய பாதையில் ஓடப்போகிறது, இதே நுட்பம் வேறு யாருக்கு முதலில் சேர்ந்திருக்க வேண்டும் என்று கேட்பது எழுதுவோரின் வேலை. செக்வேயைப் பற்றி இனி எழுதுகிறவர்கள் ஐ-பாட்டைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதட்டும்.

2023 மே மாதம் மெடிகேர் ஒரு படி இறங்கி வந்தது. மின் நாற்காலிகளில் இருக்கையை உயர்த்தும் வசதிக்கு, நிபந்தனைகளுடன், இனிப் பணம் கிடைக்கும் என்று அறிவித்தது. 2006க்குப் பின் பதினேழு ஆண்டுகள். நாற்காலியிலிருந்து படுக்கைக்கு மாறுவதற்கும், எட்டாத இடத்தை எட்டுவதற்கும் அந்த உயரம் அனுமதிக்கப்பட்டது. எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது அந்த விதியில் ஒரு காரணமாக இடம்பெறவில்லை.